கோகு, மாகோகு, யஃஜூஜ், மஃஜூஜ்: சுவருக்கு அப்பால் யார்?

கிறிஸ்தவர்கள் வெளிப்படுத்தின விசேஷத்தின் 20-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது ‘கோகு, மாகோகு’ என்ற இரண்டு பெயர்கள் வருகின்றன. வெள்ளிக்கிழமைகளில் கஹ்ஃப் அத்தியாயம் ஓதும் முஸ்லிம் வீடுகளில் ‘யஃஜூஜ், மஃஜூஜ்’ என்ற பெயர்கள் கேட்கின்றன. இரண்டும் ஒரே இணைப்பெயர்தான். ஒன்று எபிரேயத்திலிருந்தும் மற்றொன்று அரபியிலிருந்தும் தமிழுக்கு வந்து சேர்ந்ததால், ஒரே தெருவில் குடியிருக்கும் இரண்டு குடும்பங்கள் அதே பெயர்களைச் சொல்லிக்கொண்டும் அவை ஒன்றென்று அறியாமலே இருந்துவிடுகின்றன.

சிறு வயதில் பக்கத்து வீட்டுப் பாட்டி இந்தக் கதையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். யஃஜூஜ், மஃஜூஜ் கூட்டத்தார் இரவு முழுவதும் நாவால் சுவரை நக்குவார்களாம். விடியும்போது சுவர் முட்டையோடு போல மெலிந்திருக்குமாம். மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் படுத்ததும் சுவர் பழையபடி தடித்துவிடுமாம். அவர்களுக்கு ஒரு காது பாய், மறு காது போர்வை. அந்தக் காதுகளை நினைத்துக்கொண்டே நான் தூங்காமல் கிடந்த இரவுகள் உண்டு.

பின்னாளில் மூன்று சமயங்களின் நூல்களையும் எடுத்துப் படித்தபோது, பாட்டி சொன்ன கதையில் பல கதைகள் ஒட்டியிருப்பது தெரிந்தது. யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய வேதங்கள் மூன்றும் ஒரே கதையைச் சொல்வதாகப் பலரும் எழுதுகிறார்கள். அது சரியல்ல. பெயர் ஒன்றுதான், கதை மூன்று. அவற்றை ஒன்றாகத் தைத்தவர்களும், அந்தப் பெயரை உயிரோடிருந்த ஏதோ ஒரு சமூகத்தின் நெற்றியில் ஒட்டியவர்களும் பின்னால் வந்தவர்கள். இந்த ஒட்டும் வேலை இன்றும் நடப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆதியாகமம். அதன் 10-ஆம் அதிகாரம் நோவாவின் வம்சவரலாறு. நோவாவின் மகன் யாப்பேத்துக்குக் கோமேர், மாகோகு, மாதாய், யாவான், தூபால், மேசேக்கு, தீராஸ் என்று ஏழு பிள்ளைகள். மாகோகு இங்கே ஒரு பிள்ளையின் பெயர், அவ்வளவுதான். கோகு என்பவரே இங்கு இல்லை. மாகோகின் சகோதரனாகிய யாவான் நமக்கு அந்நியரல்லர். எபிரேயர் கிரேக்கரைக் குறித்த பெயர் அது. சங்கப் பாடல்களில் மரக்கலத்தில் பொன்னோடு வந்து மிளகோடு போகும் ‘யவனர்’ என்ற சொல்லும் அதே அயோனியப் பெயரிலிருந்து பிறந்ததுதான்.

பகை எசேக்கியேலில் தொடங்குகிறது. கி.மு. 597-இல் பாபிலோனியர் எருசலேமிலிருந்து சிறைப்பிடித்துச் சென்றவர்களோடு எசேக்கியேலும் போனார். கேபார் நதியோரத்தில் நாடிழந்தவர்கள் நடுவே உட்கார்ந்து பேசிய தீர்க்கதரிசி அவர். அவருடைய நூலின் 38, 39-ஆம் அதிகாரங்களில்தான் ‘மாகோகு தேசத்தானாகிய கோகு’ வருகிறான். கோகு ஓர் ஆள், மாகோகு அவனுடைய நாடு. மேசேக்குக்கும் தூபாலுக்கும் அவன் அதிபதி. வடகோடியிலிருந்து குதிரைப் படையோடு, பெர்சியரையும் கூஷ் நாட்டாரையும் கோமேரையும் தொகர்மாவையும் சேர்த்துக்கொண்டு, நிலத்தை மூடும் மேகம்போல இஸ்ரவேல்மேல் வருகிறான்.

இந்த அதிகாரங்களில் நாம் எதிர்பார்க்கும் சுவர் இல்லை. சுவரைப் பற்றிய பேச்சு உண்டு, ஆனால் தலைகீழாக. கோகு யாரைத் தாக்க வருகிறானோ அந்த மக்கள்தான் மதிலும் தாழ்ப்பாளும் கதவும் இல்லாத ஊர்களில் நிம்மதியாகக் குடியிருக்கிறார்கள். எருசலேமின் மதில் இடிக்கப்பட்ட தலைமுறைக்குச் சொல்லப்பட்ட வார்த்தை இது. மதில் இல்லாமலும் நீங்கள் காக்கப்படுவீர்கள் என்பதே அதன் ஆறுதல்.

போர் வர்ணனையைவிட போருக்குப் பிந்தைய பகுதிதான் என்னை நிறுத்திவைத்தது. கோகின் படை மலைகளில் விழுந்து கிடக்கிறது. அவர்களுடைய வில், அம்பு, ஈட்டிகளை இஸ்ரவேலர் ஏழு வருடம் அடுப்பெரிக்கிறார்கள். அதுவரை காட்டுக்கு விறகு வெட்டப் போகவேண்டியதில்லை. பிணங்களைப் புதைக்க ஏழு மாதம் ஆகிறது. அதன் பிறகும் தேசத்தைச் சுற்றிவர ஆட்கள் நியமிக்கப்படுகிறார்கள். நடந்துபோகிறவர் ஒரு மனித எலும்பைக் கண்டால் அதனருகே ஓர் அடையாளத்தை நாட்டிவிட்டுப் போகவேண்டும். வெட்டியார்கள் வந்து ஆமோன்கோகு பள்ளத்தாக்கில் அதைப் புதைப்பார்கள். தேசம் தீட்டு நீங்கவேண்டும் என்பதுதான் காரணம். ஆனாலும் உலகை நடுங்கவைத்த எதிரி, வழிப்போக்கர் குச்சி நட்டுவைக்கும் ஒற்றை எலும்பாக அங்கே மிஞ்சுகிறான்.

யார் இந்தக் கோகு? லிடியா என்ற நாடு இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்தது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் அதை ஆண்ட கீகஸ் என்ற அரசனை அசீரியக் கல்வெட்டுகள் ‘கூகு’ என்கின்றன. அறிஞர் பலர் அவனைத்தான் காட்டுகிறார்கள். மேசேக்கும் தூபாலும் அசீரிய ஆவணங்களில் முஷ்கி, தபால் என்று வரும் அனத்தோலிய நாடுகள். எசேக்கியேல் பேசியபோது கீகஸ் இறந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. மறைந்த ஒரு வடநாட்டு அரசனின் பெயரை எடுத்து, வரப்போகும் எதிரிக்கு அவர் சூட்டியிருக்கலாம் என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

யூத மரபில் ஆளும் நாடும் மெல்ல மெல்ல ஓர் இரட்டையாகிவிட்டன. ‘கோகும் மாகோகும்’ என்றால் மேசியா வருவதற்கு முந்தைய பெரும்போர். யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ரபி அகிவா, வருங்காலத்தில் கோகுக்கும் மாகோகுக்குமான தீர்ப்பு பன்னிரண்டு மாதம் நீடிக்கும் என்கிறார். கூடாரப் பண்டிகையின் இடையில் வரும் ஓய்வுநாளில் எசேக்கியேலின் இந்தப் பகுதி ஜெப ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது. ஓலைக் குடிலில் தங்கும் அந்த நாள்களில் கோகின் வீழ்ச்சியைக் கேட்கிறார்கள்.

கிறிஸ்தவ வேதத்தில் இது மிகச் சுருக்கம். ஆயிரம் வருடம் கட்டப்பட்டிருந்த சாத்தான் விடுவிக்கப்பட்டு, பூமியின் நான்கு திசைகளிலுமுள்ள ஜாதிகளாகிய கோகையும் மாகோகையும் ஏமாற்றிப் போருக்குக் கூட்டுகிறான். எண்ணிக்கை கடற்கரை மணல்போல. வானத்திலிருந்து அக்கினி இறங்கி அவர்களைப் பட்சிக்கிறது. வடகோடி போய்விட்டது, இப்போது நான்கு திசை. ஒரு நாட்டையோ ஓர் இனத்தையோ இந்த வசனத்தில் தேட இடமே இல்லை. ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்தீன் இதைச் சரியாகவே பிடித்துக்கொண்டார். கோகும் மாகோகும் ஏதோ ஒரு மூலையிலுள்ள காட்டுமிராண்டிக் கூட்டம் அல்ல, உலகமெங்கும் உள்ளவர்கள் என்று எழுதினார். அவருக்குச் சற்று முன்பு, ரோமப் பேரரசுக்குள் கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தார் புகுந்த நேரத்தில், ‘கோகு என்பது கோத்தியரே’ என்று மிலான் ஆயர் அம்புரோஸ் எழுதியிருந்தார். அகஸ்தீனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவரும் இதே அம்புரோஸ்தான். பின்வந்த நூற்றாண்டுகள் மாணவரை விட்டுவிட்டு ஆசிரியரின் வழியில் போயின.

சுவர் எங்கிருந்து வந்தது? முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸிடம் இரண்டு தனித்தனி இழைகளைப் பார்க்கலாம். ஒரு நூலில் மாகோகின் வழிவந்தவர்களைக் கிரேக்கர் சித்தியர் என்று அழைப்பதாகச் சொல்கிறார். இன்னொரு நூலில் அலெக்சாந்தர் ஒரு கணவாயை இரும்புக் கதவுகளால் அடைத்ததாகவும், அலானியர் என்ற நாடோடிகள் அந்த வழியாக வந்து கொள்ளையடித்ததாகவும் எழுதுகிறார். இரண்டையும் அவர் முடிச்சுப் போடவில்லை. உண்மையில் அலெக்சாந்தர் காக்கேசிய மலைப் பக்கம் போனதே இல்லை. டேரியஸைத் துரத்திக்கொண்டு காஸ்பியன் கடலுக்குத் தெற்கே உள்ள கணவாயைக் கடந்தார், பிறகு இந்துகுஷ் மலைக்கு வந்தார். அவருடைய ஆட்கள் இந்துகுஷ்ஷையும் ‘காக்கேசஸ்’ என்றே அழைத்ததால் பெயர்கள் குழம்பின.

கி.பி. 395-இல் ஹூணர்கள் காக்கேசியக் கணவாய்கள் வழியாக இறங்கி சிரியா வரை சூறையாடினார்கள். அந்த அச்சம் சிரியாக் மொழிக் கிறிஸ்தவர்களிடம் ஆறாத வடுவாக நின்றது. 630-ஐ ஒட்டி அவர்களிடையே எழுந்த அலெக்சாந்தர் புராணத்தில் இரண்டு இழைகளும் ஒன்றாகின்றன. அலெக்சாந்தர் இரும்பும் வெண்கலமும் கொண்டு வாயில் எழுப்புகிறார், அதற்கு அப்பால் ஹூணர்கள், அவர்களுடைய அரசர்களின் பெயர்களுக்கிடையே கோகு, மாகோகு.

குர்ஆனின் கஹ்ஃப் அத்தியாயத்தில் வருபவர் துல்கர்னைன், ‘இரு கொம்புடையவர்’. யூத அறிஞர்களிடம் கேட்டுவந்து மக்காவின் குறைஷிக் குலத்தார் நபிகள் நாயகத்தைச் சோதிக்கத் தொடுத்த மூன்று கேள்விகளில் ஒன்று இவரைப் பற்றியது என்று மரபு சொல்கிறது. சிரியாக் புராணத்துக்கும் குர்ஆன் வசனங்களுக்கும் உள்ள உறவைப் பற்றி ஆய்வாளர்களிடையே நீண்ட விவாதம் நடக்கிறது. துல்கர்னைன் அலெக்சாந்தர்தான் என்று பழைய விரிவுரையாளர் பலர் எழுதினார்கள். பல தெய்வங்களை வணங்கிய அரசன் எப்படி இறைநம்பிக்கையாளராக முடியும் என்று கேட்டு மறுத்தவர்களும் உண்டு. நம் நாட்டின் மௌலானா அபுல் கலாம் ஆசாத், அவர் பாரசீகப் பேரரசர் கோரேசு என்று வாதிட்டார். தானியேலின் தரிசனத்தில் இரு கொம்புள்ள ஆட்டுக்கடா மேதிய, பெர்சிய அரசுகளைக் குறிப்பதை அவர் சான்றாக எடுத்துக்காட்டினார்.

யாராக இருந்தாலும் அந்த வசனங்களில் உள்ள காட்சி மறக்க முடியாதது. இரண்டு மலைகளுக்கு நடுவே, பேச்சே சரியாகப் புரியாத ஒரு மக்கள். யஃஜூஜும் மஃஜூஜும் இங்கே அட்டூழியம் செய்கிறார்கள், கப்பம் தருகிறோம், ஒரு தடுப்பைக் கட்டித் தாருங்கள் என்று கெஞ்சுகிறார்கள். துல்கர்னைன் பணத்தை மறுக்கிறார். உடல் உழைப்பை மட்டும் கேட்கிறார். இரும்புப் பாளங்களைக் கொண்டுவரச் சொல்லி, மலைகளுக்கிடையே நிரப்பி, “ஊதுங்கள்” என்கிறார். இரும்பு நெருப்பாகச் சிவந்ததும் அதன்மேல் உருகிய செம்பை ஊற்றுகிறார். அவர்களால் ஏறவும் முடியவில்லை, துளைக்கவும் முடியவில்லை. வேலை முடிந்ததும் அவர் சொல்வது: இது என் இறைவனின் அருள், அவனுடைய வாக்கு வரும்போது இதையும் தூளாக்கிவிடுவான்.

இடத்தின் பெயர் ஒன்றுகூட இல்லை. மலையின் பெயர் இல்லை, திசைகூட இல்லை. நபிமொழிகளாகிய ஹதீஸ்கள் சில நுணுக்கங்களைச் சேர்க்கின்றன. ஒருநாள் நபிகள் நாயகம் திடுக்கிட்டு விழித்து, யஃஜூஜ், மஃஜூஜின் தடுப்பில் இன்று இவ்வளவு திறந்துவிட்டது என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டினார் என்று அவருடைய துணைவியார் ஸைனப் அறிவிக்கிறார். கடைசிக் காலத்தில் அவர்களின் முன்வரிசை திபேரியா ஏரியைக் குடித்துத் தீர்க்க, பின்னால் வருபவர்கள் ‘இங்கே ஒருகாலத்தில் தண்ணீர் இருந்ததாமே’ என்று கடந்துபோவதை இன்னொரு ஹதீஸ் சொல்கிறது. ஈஸா நபி மலையில் ஒதுங்கி இறைவனிடம் வேண்ட, கழுத்தில் புழு விழுந்து அவர்கள் அனைவரும் ஒரே வேளையில் மடிகிறார்கள்.

பாட்டி சொன்ன பாய்க் காதுகளும் பழைய கதைகளில் உண்டு. ஆனால் 14-ஆம் நூற்றாண்டு அறிஞர் இப்னு கஸீர் அவற்றை ஆதாரமற்றவை என்று ஒதுக்கினார். அவர்கள் ஆதமின் பிள்ளைகள், தோற்றத்தில் மற்ற மனிதர்களைப் போன்றவர்கள் என்று அழுத்திச் சொன்னார். ராட்சதர்களாக்கிப் பார்க்கும் ஆசையை ஒரு மார்க்க அறிஞரே தடுத்தது இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த இடங்களில் ஒன்று.

சுவரைத் தேடியவர்களில் முதன்மையானவர் ஸல்லாம். 842 முதல் 847 வரை ஆண்ட அப்பாசிய கலீபா வாஸிக், தடுப்பு திறந்துவிட்டதாகக் கனவு கண்டு கலங்கி, பன்மொழி அறிந்த இந்த மொழிபெயர்ப்பாளரை ஐம்பது ஆட்களோடு அனுப்பினார். ஸாமர்ராவிலிருந்து திபிலீசி, அங்கிருந்து அலானியர் நாடு, கஸார் நாடு, பிறகு கிழக்கே பல வாரப் பயணம். அவர் திரும்பிவந்து சொன்னதை இப்னு குர்தாத்பிஹ் பதிவுசெய்திருக்கிறார். மலைகளுக்கிடையே பிரம்மாண்டமான இரும்புக் கதவைப் பார்த்தாராம். காவல் தலைவன் குறிப்பிட்ட நாள்களில் குதிரை வீரர்களோடு வந்து, சம்மட்டியால் தாழ்ப்பாளை ஓங்கி அடிப்பான். காவல் இருக்கிறது என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியவேண்டுமாம். பிறகு கதவில் காதை வைத்துக் கேட்பார்கள். உள்ளே குளவிக்கூடு போல ஓர் இரைச்சல். கதவில் ஒரு மெல்லிய விரிசல் இருந்தது. ஸல்லாம் காலணியில் செருகியிருந்த கத்தியை எடுத்து அங்கே சுரண்டி, விழுந்த இரும்புத் துகளைத் துணியில் முடிந்துகொண்டார், கலீபாவிடம் காட்டுவதற்காக.

அவர் எதைப் பார்த்தார் என்று இன்றும் சர்ச்சை. காஸ்பியன் கரையில் தாகெஸ்தானின் தெர்பெந்த் நகரில், மலைக்கோட்டையிலிருந்து கடல் வரை ஓடும் ஆறாம் நூற்றாண்டுச் சாசானியச் சுவர் இருக்கிறது. அரபியர் அதை ‘வாயில்களின் வாயில்’ என்றார்கள். 2003-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. ஈரானின் கோர்கான் சமவெளியில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளச் செங்கல் சுவர் உண்டு. உள்ளூரில் அதற்கும் அலெக்சாந்தர் தடுப்பு என்றே பெயர். இரண்டுமே பாரசீகப் பேரரசர்கள் வடக்கத்தி நாடோடிகளைத் தடுக்கக் கட்டியவை. இரும்பும் செம்பும் கொண்ட சுவர் எதுவும் கிடைக்கவில்லை. 14-ஆம் நூற்றாண்டில் சீனாவின் ஸீன் கலான் (இன்றைய குவாங்சோ) நகரில் பயணி இப்னு பதூதாவும் இதைப் பற்றிக் கேட்டறிந்தார். சுவர் அறுபது நாள் பயணத்தில் இருக்கிறது என்றார்கள். அதைப் பார்த்தவர் ஒருவரையும் அவர் சந்திக்கவில்லை.

சுவரைத் தேடியதில் யாருக்கும் கேடில்லை. அதற்கு அப்பால் இருப்பவர்களை இங்கே, தன் ஊரில் தேடியதுதான் கேடு. கோத்தியர், ஹூணர், கஸார்கள், துருக்கியர், ஹங்கேரியர் என்று வரிசையாகப் பெயர் சூட்டப்பட்டது. 13-ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் வந்தபோது இரண்டு பக்கமும் ஒரே பெயரைத்தான் எட்டிப்பிடித்தார்கள். மோசுலில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர், யஃஜூஜ், மஃஜூஜைத் தவிர இத்தகைய பேரழிவை உலகம் முடியும்வரை மனிதர் காணமாட்டார்கள் என்று கதறுவதுபோல் எழுதினார். தன் காலத்தில் நகரங்கள் அழிவதைக் கேட்டவரின் துயரம் அது, புரிந்துகொள்ள முடிகிறது.

ஐரோப்பாவில் நடந்தது வேறு. அலெக்சாந்தர் அடைத்துவைத்தது காணாமற்போன பத்து இஸ்ரவேல் கோத்திரங்களைத்தான் என்று 12-ஆம் நூற்றாண்டிலேயே இறையியல் பாடநூல் எழுதிவிட்டது. கோகு, மாகோகு கதையும் இந்தக் கதையும் ஒன்றோடொன்று கலந்தன. எந்த மக்களைத் தாக்க கோகு வருவான் என்று எசேக்கியேல் சொன்னாரோ, அதே மக்கள் இப்போது கோகாக்கப்பட்டார்கள். 1241-இல் மங்கோலியர் ஹங்கேரியை எரித்துக்கொண்டிருந்தபோது, ஜெர்மானிய யூதர்கள் தங்கள் இனத்தார் வந்துவிட்டதாக எண்ணி மது பீப்பாய்களில் ஆயுதங்களை ஒளித்து அனுப்பினார்கள் என்று இங்கிலாந்துத் துறவி மத்தேயு பாரிஸ் எழுதிவைத்தார். அப்பட்டமான அவதூறு. ஆனால் நூலில் ஏறிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் முறை ரஷ்யாவுக்கு வந்தது. எசேக்கியேலில் ‘தலைமை அதிபதி’ என்று படிக்கத்தக்க இடத்தில் வரும் ‘ரோஷ்’ என்ற எபிரேயச் சொல்லைப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு ஒரு பெயராக எடுத்துக்கொண்டது. அதைப் பிடித்து, ரோஷ் என்றால் ரஷ்யா, மேசேக்கு மாஸ்கோ, தூபால் தொபோல்ஸ்க் என்று 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்ட் விளக்கவேதம் பரப்பியது. மாஸ்கோவின் பெயர் வரலாற்றில் முதலில் வருவதே 1147-இல். தொபோல்ஸ்க் 1587-இல் எழுந்த சைபீரிய ஊர், அருகில் ஓடும் தொபோல் ஆற்றின் பெயரைப் பெற்றது. ஒலி ஒத்திருக்கிறது என்பதைத் தவிர எதுவுமில்லை. ஆனாலும் மேற்காசியாவில் குண்டு விழும் ஒவ்வொரு முறையும், இன்னார்தான் கோகு, இன்னார்தான் யஃஜூஜ் என்று அடித்துச் சொல்லும் காணொளிகள் தமிழிலும் வந்து குவிகின்றன. மூன்று சமயத்தாரும் அவற்றை ஒருவருக்கொருவர் எதிராக அனுப்பிக்கொள்கிறார்கள். அந்தக் காணொளிகளை அனுப்புகிறவர்கள் எசேக்கியேலைத் திறந்து 38-ஆம் அதிகாரத்துக்குப் போகும் வழியில் 27-இல் ஒரு நிமிடம் நிற்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே தீரு நகரத்தின் சந்தை விரிகிறது. எந்த ஊரார் என்ன சரக்கோடு வந்தார்கள் என்று தீர்க்கதரிசி பட்டியல் போடுகிறார். யாவான் வருகிறான், கூடவே தூபாலும் மேசேக்கும் அடிமைகளையும் வெண்கலப் பாத்திரங்களையும் கொண்டுவந்து விற்கிறார்கள். அடுத்த வசனத்தில் தொகர்மா வீட்டார் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் ஓட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.